பௌர்ணமி வந்தால் புத்தி மாறுமா?

(உழவர்களுக்கான வானொலி நிகழ்ச்சியில் திருக்கோவிலூர் பகுதி வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் கரும்புக்கு மண் அணைப்பது, மல்லாட்டைக்கு ஜிப்சம் இடுவது, உளுந்துக்கு விதை நேர்த்தி செய்வது என்று ஏதாவது ஒரு பயிர்ச் சமாசாரம் பேசுவேன். இன்றைக்கு நிலாவைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்ன சார், ஜோசியம் சொல்லக் கிளம்பிட்டீங்களா?" என்று நீங்கள் கேட்கலாம். ஜோசியம் இல்லீங்க. அமாவாசை, பௌர்ணமி வந்தால் மனுஷனுக்குப் புத்தி பேதலிக்கும், கோபம் ஏறும், சித்தம் கலங்கும் என்று நம் ஊர்களில் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. அது நிஜமா, இல்லையா என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். பயிர் பார்க்கிறவனுக்கு மனசைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். பயிர் செய்கிறவன் மனசு சரியாக இருந்தால்தான் பயிரும் சரியாக இருக்கும். இதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையையும் சொல்கிறேன்.

நிலா ஆட்களை நகர்த்துவது உண்மைதான்

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுவோம். நம்ம திருக்கோவிலூர் பஸ் நிலையத்தில் ஒரு பௌர்ணமி அன்று சாயங்காலம் நின்று பாருங்கள். திருவண்ணாமலை போகிற பஸ் எதிலும் கால் வைக்க இடம் இருக்காது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான ஜனங்கள் ராத்திரி முழுக்க நடக்கிறார்கள். அமாவாசை வந்தால் கூட்டம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறது. அங்கே நடு இரவில் ஊஞ்சல் உற்சவம். சித்திரை மாசத்துப் பௌர்ணமியை ஒட்டி, நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் திருநங்கைகள் வந்து கூடுகிறார்கள்.

ஆகையால், நிலாவின் பிறை மனுஷனுடைய நடத்தையை மாற்றுகிறதா என்று கேட்டால், நம்ம பக்கத்தில் மாற்றத்தான் செய்கிறது. ஆனால் எப்படி மாற்றுகிறது? நிலா வானத்திலிருந்து கயிறு போட்டு இழுக்கவில்லை. சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்து நாமே கிளம்புகிறோம். பொங்கலுக்கு ஊர் திரும்புகிற மாதிரிதான் இதுவும். பழக்கமும் பக்தியும் நம்மை நகர்த்துகின்றன, நிலா அதற்கு நாள் குறித்துக் கொடுக்கிறது. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு கரும்புத் தோட்டத்தில் கண்டது

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கிராமத்தில் கரும்பில் இளங்குருத்துப் புழு விழுந்திருப்பதாகச் சேதி வந்து பார்க்கப் போயிருந்தேன். தோட்டக்காரத் தம்பிக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும். நன்றாக விவசாயம் செய்கிற பையன். அன்றைக்கு அவர் பேசின பேச்சு எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. நிறுத்தாமல் பேசினார். இருபது ஏக்கர் குத்தகைக்கு எடுக்கப் போவதாகவும், டிராக்டருக்கு முன்பணம் கட்டிவிட்டதாகவும் சொன்னார். கண் சிவந்திருந்தது. மூன்று நாளாய்த் தூங்கவில்லை என்று அவர் சம்சாரம் சொன்னார்.

அவருடைய தாயார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அமாவாசை கிட்ட வந்தா இவனுக்கு இப்பிடித்தான் சார் முறுக்கிக்குது. பௌர்ணமிக்கும் அப்பிடித்தான். காத்து சேஷ்டைன்னு சொல்றாங்க. ஒவ்வொரு அமாவாசைக்கும் கோயிலுக்கு இட்டுக்கினு போய் ராத்திரி பூரா உக்கார வெச்சுட்டு வரோம்" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆமாம்மா, பார்த்துக்கங்க" என்று தலையாட்டிவிட்டு, புழுவுக்கு மருந்து சொல்லிவிட்டு வந்துவிட்டேன். விஞ்ஞானப் பட்டம் வாங்கினவன்தான். ஆனாலும் என் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்த பேச்சு எனக்குள்ளேயும் பாதி உட்கார்ந்திருந்தது. அந்தத் தலையாட்டலால் அந்தக் குடும்பத்துக்கு எட்டு மாசம் வீணாய்ப் போயிற்று. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கடல் பொங்குகிறதே, உடம்பு பொங்காதா?

"அமாவாசை, பௌர்ணமிக்குக் கடலே பொங்குது. நம்ம உடம்பிலும் பாதிக்கு மேல் தண்ணிதானே, அது மட்டும் சும்மா இருக்குமா?" படித்தவர்களும் சொல்கிற வாதம் இது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும்.

கடலில் ஓதம் ஏறி இறங்குவதற்கு நிலா முக்கியக் காரணம் என்பது உண்மை. சூரியனும் கூடச் சேர்ந்து இழுக்கிற அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் ஏற்றம் அதிகம். கடலூர் பக்கத்து மீனவர்களுக்கு இது கைப்பாடம். ஆனால் ஓதம் எதனால் வருகிறது? நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பூமியில் நிலாவுக்குக் கிட்டே இருக்கிற பக்கத்தை அது கொஞ்சம் கூடுதலாகவும், எட்ட இருக்கிற பக்கத்தைக் கொஞ்சம் குறைவாகவும் இழுக்கிறது. அந்த வித்தியாசத்தால்தான் தண்ணீர் ஏறுகிறது. பூமியின் குறுக்களவு பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய உருண்டையும், அதன்மேல் விரிந்து கிடக்கிற சமுத்திரமும் இருப்பதால்தான் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

சமுத்திரத்தை விட்டு ஏரிக்கு வாருங்கள். அமெரிக்காவில் கடல் போலக் கிடக்கிற பெரிய ஏரிகளில்கூட ஓதம் ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. நம்ம சாத்தனூர் அணையில் பௌர்ணமிக்குத் தண்ணீர் பொங்கி யாராவது பார்த்ததுண்டா? ஏரிக்கே இப்படி என்றால், ஐந்தரை அடி மனுஷனுடைய தலைக்கும் காலுக்கும் நடுவே என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது? நிலா நம்மை இழுக்கிற மொத்த இழுப்பே பூமி இழுப்பதில் சுமார் மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான். அதையும் நாம் உணர்வதில்லை. ஏனென்றால் நம்மை இழுக்கிற மாதிரியே நாம் நிற்கிற பூமியையும் சேர்த்துத்தான் நிலா இழுக்கிறது.

இன்னும் ஒன்று. அமாவாசை அன்று நிலா எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. பகலில் சூரியன் இருக்கிற பக்கத்திலேயே அதுவும் இருக்கிறது. வெளிச்சம் படுகிற பக்கம் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கடலிலும் ஓதம் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மட்டும் வருவதில்லை. நம் கரையில் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. உடம்புத் தண்ணீர்தான் புத்தியைக் கலக்குகிறது என்றால், நாம் எல்லோரும் தினமும் இரண்டு வேளை கலங்கவேண்டி வரும்.

விளக்குப் பொறி சொல்லும் பாடம்

"கணக்கெல்லாம் சரி சார், ஆனா கண்ணால பார்க்கிறோமே" என்பீர்கள். கண்ணால் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த உதாரணமாகவே சொல்கிறேன்.

மானாவாரி மல்லாட்டையில் சிவப்புக் கம்பளிப் புழு வரும். மழை விழுந்ததும் மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுவிலிருந்து தாய் அந்துப்பூச்சி வெளியே வரும். அதைப் பிடிக்க விளக்குப் பொறி வைக்கச் சொல்கிறோம். அமாவாசை ஒட்டி வைத்தால் தட்டு நிறையப் பூச்சி விழும். பௌர்ணமி ஒட்டி வைத்தால் கொஞ்சமாகத்தான் விழும். ஒரு பெரியவர் என்னிடம், "பௌர்ணமிக்குப் பூச்சி தானே ஒழிஞ்சிடுது சார்" என்றார். அவர் கொல்லையில் இறங்கி இலையைத் திருப்பிக் காட்டினேன். முட்டைக் குவியல் அப்படியே இருந்தது. பூச்சி குறையவில்லை. நிலா வெளிச்சத்தில் நம் விளக்கு எடுபடவில்லை. தட்டில் விழுந்ததை எண்ணிவிட்டு, கொல்லையில் இருந்ததையே எண்ணிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

மனசு விஷயத்திலும் இதே தப்பு நடக்கிறது. அமாவாசை அன்று ஒருவன் சண்டை போட்டால், "பார்த்தியா, அமாவாசை!" என்கிறோம். சப்தமியில் சண்டை போட்டால் திதியை யார் பார்க்கிறார்கள்? அதோடு ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அமாவாசை என்றால் நாம் அந்த ஒரு நாளை மட்டும் சொல்வதில்லை. முந்தின நாள், மறுநாள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பௌர்ணமிக்கும் அப்படியே மூன்று நாள். ஆக ஆறு நாள். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். அப்படியென்றால் ஐந்து நாளில் ஒரு நாள் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ பக்கத்தில்தான் இருக்கும். எந்தக் காரியத்தை எடுத்தாலும் ஐந்தில் ஒன்று தானாகவே அதில் விழும். அந்த ஒன்று மனசில் தங்கிவிடுகிறது. மற்ற நான்கும் மறந்துபோகின்றன.

ஆராய்ச்சியாளர்கள் எண்ணிப் பார்த்தது

இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உள்ளது என்று நினைக்காதீர்கள். சித்தம் கலங்கினவனை இங்கிலீஷ்காரர்கள் 'லூனடிக்' என்றார்கள். லத்தீன் மொழியில் 'லூனா' என்றால் நிலா. பதினெட்டாம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் என்ற ஆங்கிலேயச் சட்ட மேதை, இந்த ஆட்களுக்குப் புத்தி தெளிவதும் கலங்குவதும் நிலா மாறுவதைப் பொறுத்தது என்றே எழுதி வைத்தார். நம் நாட்டிலும் 1912-ல் வந்த சட்டத்துக்கு இந்திய லூனசி சட்டம் என்றுதான் பெயர். அதற்குப் பதிலாக 1987-ல் மனநலச் சட்டம் வரும்வரை நிலாவின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

1978-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்னால்டு லீபர் ஒரு புத்தகம் எழுதினார். கடல் ஓதம் மாதிரி உடம்பிலும் ஓதம் வருகிறது, அதனால் பௌர்ணமியில் கொலை கூடுகிறது என்பது அவர் கட்சி. நம் நாட்டிலேயே பீகாரில் டாக்டர் சி. பி. தாக்கூரும் திலீப் சர்மாவும் இதை ஆராய்ந்தார்கள். பின்னாளில் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த அதே தாக்கூர்தான். 1978 முதல் 1982 வரை மூன்று போலீஸ் நிலையங்களில் பதிவான குற்றங்களை எண்ணி, பௌர்ணமி நாட்களில் குற்றம் அதிகம் என்று 1984-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். அவர்களும் உடம்பு ஓதத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம்ம பஸ் நிலையம்தான் ஞாபகம் வந்தது. பீகாரிலும் பௌர்ணமி என்றால் கங்கை ஸ்நானம். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித்தான் பேர்பெற்ற சோன்பூர் சந்தையும் கூடுகிறது. கூட்டம் கூடுகிற இடத்தில் திருட்டும் தகராறும் கூடத்தான் செய்யும். ராத்திரி வெளிச்சமும் இருந்தால் நடமாட்டம் இன்னும் அதிகமாகும். உடம்புத் தண்ணீர் வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லை.

மூன்று போலீஸ் நிலையத்தை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாது. ஒரு பாத்தி விளைச்சலை வைத்து ரகத்தைச் சிபாரிசு செய்வோமா? பல இடத்தில் போட்டுப் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்துத்தானே சொல்வோம். அந்த வேலையை 1985-ல் ஜேம்ஸ் ராட்டன், ஐவன் கெல்லி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் செய்தார்கள். அதுவரை நடந்த 37 ஆய்வுகளைச் சேர்த்து மறுகணக்குப் போட்டார்கள். மனுஷ நடத்தையில் காணப்பட்ட ஏற்ற இறக்கத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நிலாவின் கணக்கில் எழுத முடியவில்லை. சில ஆய்வுகளில் கிழமையைச் சரிபார்க்காமல் விட்டிருந்தார்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வரும், ராத்திரி தகராறும் வரும். அந்தச் சனிக்கிழமை பௌர்ணமியாக அமைந்துவிட்டால் பழி நிலாமேல் விழுகிறது.

தூக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது

அப்படியானால் நிலாவுக்கும் மனுஷனுக்கும் சம்பந்தமே இல்லையா? ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2013-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து விஞ்ஞானிகள் 33 பேரின் தூக்கத்தை ஆராய்ந்து, பௌர்ணமி ஒட்டி அவர்கள் இருபது நிமிஷம் குறைவாகத் தூங்கினார்கள் என்றார்கள். அடுத்த வருஷம் ஜெர்மனியில் 470 பேரை வைத்துப் பார்த்தபோது அப்படி ஒன்றும் தெரியவில்லை. 2021-ல் அர்ஜென்டினா நாட்டுத் தோபா பழங்குடி மக்களின் கையில் கடிகாரம் மாதிரி ஒரு கருவியைக் கட்டித் தூக்கத்தைக் கணக்கெடுத்தார்கள். பௌர்ணமிக்கு முந்தின மூன்று முதல் ஐந்து நாட்களில் அவர்கள் தாமதமாகப் படுத்தார்கள், குறைவாகத் தூங்கினார்கள். மின்சாரம் இல்லாத குடியிருப்பில் இது நன்றாகத் தெரிந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகர மாணவர்களிடமும் கொஞ்சம் தெரிந்தது.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். வளர்பிறையின் கடைசி நாட்களில் பொழுது சாயும்போதே நிலா மேலே வந்து நிற்கும். முழு நிலா வெளிச்சம் வெயிலில் சுமார் நான்கு லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் களத்தில் வேலை செய்ய, தெருவில் உட்கார்ந்து பேச, கல்வராயன் மலைப்பாதையில் விளக்கில்லாமல் நடக்க அது போதும். நம் தாத்தாக்கள் நிலா வெளிச்சத்தில்தான் கதிர் அடித்தார்கள், பொலி தூற்றினார்கள். அப்போது தூக்கம் குறைவது இயற்கை.

சாதாரண ஆளுக்கு ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் கொட்டாவி வரும், அவ்வளவுதான். ஆனால் சிலருக்கு மனசு ஒரு காலத்தில் அளவுக்கு மீறிக் கிளம்பும், இன்னொரு காலத்தில் ஒரேயடியாகச் சோர்ந்து விழும். அது ஒரு நோய். அந்த நோய் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெட்டால் நோய் கிளம்பிவிடும். வலிப்பு நோய்க்காரருக்கும் தூக்கம் கெட்டால் வலிப்பு வரக்கூடும். விளக்கு இல்லாத பழைய காலத்தில் நிலா வெளிச்சம் தூக்கத்தைக் கெடுத்திருக்கும், அதிலிருந்துதான் 'நிலா பைத்தியம் பிடிக்க வைக்கும்' என்ற பேச்சு பிறந்திருக்கலாம் என்று 1999-ல் சார்லஸ் ரேசன் என்ற மனநல மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் எழுதினார்கள். இது நிரூபணமான முடிவு அல்ல, ஒரு யோசனைதான். ஆனால் தூக்கம் கெடுவதால் நோய் கிளம்பும் என்பது மருத்துவர்கள் தினம் பார்க்கிற உண்மை.

காலண்டர் காட்டிக் கொடுத்தது

இப்போது அந்தக் கரும்புத் தோட்டத்துத் தம்பியிடம் திரும்பி வருவோம். எட்டு மாசம் கழித்து அந்த ஊருக்குப் போனபோது, அரைக்காணி அடமானத்தில் இருந்தது. சம்சாரம் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். டிராக்டருக்குக் கட்டின முன்பணம் போனது போனதுதான்.

அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் அம்மா விவரமானவர். அவரும் நானும் போய்த் தாயாரிடம், "அமாவாசை பத்தி நாங்க சண்டை போடலைம்மா. நீங்களே எண்ணிப் பாருங்க" என்று சொன்னோம். காலண்டர் தாளைக் கிழித்துப் போடாமல் வைத்து, மகன் தூங்காத ராத்திரிக்கு ஒரு கோடு, மனசு கிளம்பின நாளுக்கு ஒரு வட்டம் போடச் சொன்னோம். அந்த அம்மாள் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். கோடும் வட்டமும் போடுவதற்குப் படிப்பு எதற்கு?

மூன்று மாசத் தாளையும் பரப்பிப் பார்த்தோம். வட்டங்கள் அமாவாசை, பௌர்ணமியைச் சுற்றி நிற்கவில்லை. கோடுகளுக்குப் பின்னால் நின்றன. இரண்டு மூன்று கோடு, அப்புறம் வட்டம். கோடு விழுந்தது எப்போது? அந்தச் சமயத்தில் அவர்கள் பக்கம் மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலிலும் ஒரு வாரம் ராத்திரியிலுமாக முறை மாறி வந்துகொண்டிருந்தது. ராத்திரி முறை வருகிற வாரத்தில் அவர் மோட்டார் போட்டுவிட்டு, மடை திருப்பிக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பார். போதாததற்கு அமாவாசை ராத்திரியில் கோயிலில் கண்விழிப்பு வேறு. நோயைத் தீர்க்கிறோம் என்று நினைத்து, நோயைக் கிளப்புகிற காரியத்தையே செய்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் காலண்டர் தாளை மடியில் வைத்துக்கொண்டு, "நாந்தான் புள்ளயத் தூங்க விடல" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. தப்பு அவருடையது இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார்கள். நோயின் பெயரைச் சொல்லி, மாத்திரை கொடுத்தார். ராத்திரித் தண்ணீர் பாய்ச்சுகிற வேலையைச் சித்தப்பா மகன் எடுத்துக்கொண்டார். தேறுவதற்குச் சில மாசம் ஆயிற்று. இன்றைக்கு அவர் கரும்பும் மல்லாட்டையும் வைக்கிறார், சம்சாரமும் வந்துவிட்டார். அண்ணாமலையாரிடம் பக்தி உள்ளவர். கிரிவலம் போகலாமா என்று டாக்டரைக் கேட்டாராம். "தாராளமாப் போங்க, பகல்ல போயிட்டு வந்து ராத்திரி தூங்குங்க" என்றாராம். இன்றும் அப்படியே போய் வருகிறார்.

வேண்டுதலும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும்

இந்த விஷயத்தில் நாம் மறக்கக்கூடாத நாள் ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் விடியற்காலையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். சொந்தக்காரர்கள் யாரும் கொடியவர்கள் இல்லை. குணமாகும் என்று நம்பித்தான் கொண்டுவந்து விட்டார்கள். நோய் என்று தெரியாததால், வைத்தியம் பார்க்கிற இடமும் தெரியவில்லை.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. ஏர்வாடியிலும் பின்னால் மருத்துவர் வந்து பார்க்கிற ஏற்பாடு செய்யப்பட்டது. தொழுகிறவர் தொழட்டும், மருந்தும் சாப்பிடட்டும் என்பதுதான் அதன் நோக்கம். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பயிருக்கு நோய் வந்தால் சாமியையும் கும்பிடுகிறோம், என்னையும் கூப்பிட்டு இலையைக் காட்டுகிறோம் அல்லவா? மகனுக்கும் மகளுக்கும் அதையே செய்யுங்கள் என்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை

வீட்டில் ஒருவர் நாலைந்து நாள் தூக்கமே இல்லாமல் இருந்தும் களைப்பில்லாமல் அலைந்தால், நிறுத்தாமல் பேசினால், கையில் இல்லாத பணத்துக்குச் செலவு செய்தால், காதில் யாரோ பேசுவதாகச் சொன்னால், காரணமில்லாமல் சந்தேகப்பட்டால், அல்லது வாரக்கணக்கில் சோர்ந்து, சாப்பிடாமல், வாழ்ந்து என்ன பிரயோசனம் என்று பேசினால், அடுத்த அமாவாசை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவம் கிடைக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் எங்கே, எந்தக் கிழமை என்று சொல்வார்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல், எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். 'டெலி மானஸ்' என்று அந்தச் சேவைக்குப் பெயர்.

மாத்திரை கொடுத்தால் டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். பயிர் பச்சை கட்டிவிட்டது என்று பாதியில் தண்ணீரை நிறுத்துவோமா? தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். நோய் உள்ளவருக்கு ராத்திரிக் காவலும் ராத்திரி மடையும் வேண்டாம், வேறு ஆள் போகட்டும். இதை விவசாய அலுவலராக அழுத்திச் சொல்கிறேன்: பூச்சிமருந்தை வீட்டுக்குள் பரணில் வைக்காதீர்கள். பெட்டியில் பூட்டி, சாவியைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மனசு சோர்ந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தாலே ஒரு உயிர் பிழைக்கும்.

அமாவாசைதான் காரணம் என்று இன்னும் உங்களுக்குத் தோன்றினால், அந்த அம்மாள் செய்த மாதிரி காலண்டரில் கோடும் வட்டமும் போட்டுப் பாருங்கள். ஆனால் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவருக்கு அது ரொம்ப உபயோகப்படும்.

முடிக்கும் முன்னால் ஒன்று. நம்ம திருக்கோவிலூர்ப் பெண்ணையாற்றில் கபிலர் குன்று இருக்கிறது. பாரி இறந்த பிறகு அவன் பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் இந்தப் பக்கம்தான் வந்தார் என்பார்கள். அந்தப் பெண்கள் பாடின ஒரே ஒரு பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. நிலாவைப் பற்றிய பாட்டுதான். போன மாசத்து நிலா நாளில் தகப்பன் இருந்தான், மலையும் இருந்தது. இந்த மாசத்து நிலா நாளில் இரண்டும் இல்லை. இதுதான் அவர்கள் துக்கம். இரண்டு மாசத்திலும் வந்தது அதே நிலா. அந்தப் பெண்கள் நிலாமேல் பழி போடவில்லை. என்ன போயிற்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் வீட்டில் ஒருவர் மனசு கலங்கினாலும் வானத்தைப் பார்க்க வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியா, தூங்கினியா, என்னா கஷ்டம்?" என்று கேளுங்கள். மருத்துவம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்த பேச்சில் கரும்பு மறுதாம்பு பராமரிப்பு பற்றிச் சொல்கிறேன்.